ஸ்மெரால்டா பசேவி வேண்டாமென்று சொன்னார்

யூதர்களைப் பற்றிய அறிக்கையை ரோமில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் வெளியிட்டு மூன்று வாரம் கழித்துத்தான் அது இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரின் ஆஸ்பத்திரி ஒன்றில் ஊழியம் செய்த கன்னியர்களின் காதுக்கு எட்டியது. 1965 நவம்பர். காலைப் பூசை முடிந்ததும் ஆன்ம குரு ஃபாதர் தூலியோ பீடத்தருகே நின்றபடி அதை வாசித்தார். அவருக்குச் சளி. இரண்டு இடத்தில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொண்டார். யூதர்கள் கடவுளால் தள்ளப்பட்டவர்கள் என்றோ சபிக்கப்பட்டவர்கள் என்றோ இனிமேல் யாரும் போதிக்கக் கூடாது. கடவுள் கொடுத்த வரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறவர் அல்ல. இவ்வளவுதான் சாராம்சம். முன்வரிசையில் ஒரு இளம் சிஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் தெரிந்த பாடத்தைக் கேட்பதுபோல.

சிஸ்டர் பெலாஜியா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வயது அறுபது. நகரத்தை அடுத்த இஸ்த்ரியாவின் மலைப்பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். முப்பத்தைந்து வருஷமாக அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு அவர் பொறுப்பு. கன்னியர் மடத்தில் சேர்ந்த புதிதில் பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டுகளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திருச்சபைக்காக மண்டியிட வேண்டும், அரசருக்காக மண்டியிட வேண்டும், அஞ்ஞானிகளுக்காகக்கூட மண்டியிட வேண்டும். விசுவாசமற்ற யூதர்களுக்கான மன்றாட்டு வரும்போது மட்டும் நின்றபடியே இருக்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்டதில்லை. அந்த ஒரு மன்றாட்டில் முழங்கால் வலிக்காது என்று மட்டும் நினைத்துக்கொண்டது ஞாபகம் இருந்தது.

வாசிப்பு முடிந்தது. ஏதாவது தோன்றும் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து போய் வார்டில் காய்ச்சல் பார்த்தார். ஏழாம் கட்டிலுக்கு நூற்றொன்று. பதினோராம் கட்டிலுக்கு எனிமா. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பிய்க்க வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்தில் இருந்த சிஸ்டர் முழங்கையால் இடித்தபிறகுதான் சாப்பிட்டார்.

சாயந்திரம் மடத்துத் தலைவி மதர் கான்சில்யாவின் அறைக்குப் போனார்.

"மதர், காலையில வாசிச்சாங்களே, அதுல ஒரு சந்தேகம்."

"உட்காருங்க. என்ன சந்தேகம்?"

"யூதருக்கு ஞானஸ்நானம் இல்லாமப் போனாலும் கடவுள் அவங்களைத் தள்ளிடலைன்னு அர்த்தமா?"

மதர் கான்சில்யா கண்ணாடியைக் கழற்றினார். "தள்ளலைன்னுதான் எழுதியிருக்கு."

"முன்னாடியும் தள்ளலையா? இல்ல, இப்ப இருந்துதானா?"

"இதென்ன கேள்வி சிஸ்டர்? கடவுள் என்ன போன மாசமா மனசை மாத்திக்கிட்டாரு? நமக்குத்தான் இப்பப் புரிஞ்சிருக்கு."

"சரிங்க மதர்."

"வேற ஏதாவது?"

"இல்லைங்க."

வேறு இருந்தது. இருபத்தோரு வருஷமாக இருந்தது.

*

1943 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர் நகரத்தைப் பிடித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஸ்மெரால்டா பசேவி என்ற எழுபத்துநாலு வயது அம்மாள் தம் வீட்டு மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வார்டுக்கு வந்திருந்தார். பழைய நாளில் தொப்பி தைத்து விற்றவர். ஒரே மகன் ஆத்திலியோ மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அக்டோபரில் யூதர்களை வீடு வீடாகத் தேடத் தொடங்கினதும் மகன் மனைவியையும் ஆறு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து எல்லைக்குப் புறப்பட்டான். காலை அசைக்க முடியாத அம்மாவை எங்கே கூட்டிப்போவது? கட்டில் பக்கத்தில் நின்று அழுதான். "போடா, போ. நான் என்ன தொலைஞ்சா போயிடுவேன்? காலுக்குக் கல்லைக் கட்டிப் போட்டிருக்காங்க, நகரவா முடியும்?" என்று அவர்தான் விரட்டினார்.

ஜனவரியில் யூத முதியோர் இல்லத்துக் கிழவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்ற செய்தி வந்தது. அடுத்தது ஆஸ்பத்திரிதான் என்று எல்லோருக்கும் தெரியும். பெலாஜியா யாரையும் கேட்கவில்லை. கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்து அடுப்பில் போட்டார். புது அட்டையில் அந்தோனியா பென்சிச் என்று எழுதினார். ஊரில் இறந்துபோன அவருடைய சொந்தப் பெரியம்மாவின் பெயர். அன்றிலிருந்து வார்டில் எல்லோர் முன்னாலும் அந்த அம்மாளைப் பெரியம்மா என்றே கூப்பிட்டார். இரண்டு நாளில் அது வாயில் ஒட்டிக்கொண்டது.

சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தார். 'அருள் நிறைந்த மரியாயே' ஜெபத்தைப் படுக்கை விரிப்பு மாற்றுகிற நேரத்திலெல்லாம் காதோடு சொல்லிக்கொடுத்தார்.

"தப்பில்லையே பெரியம்மா? உசிர் பிழைக்கத்தானே?"

"என்ன தப்பு? அந்த மரியாளும் எங்க வீட்டுப் பொண்ணுதானே. அவ பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு யார் உத்தரவு வேணும்?"

ஜெர்மன் அதிகாரி ஒருவனும் மொழிபெயர்ப்பாளன் ஒருவனும் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். கட்டில் கட்டிலாகப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளன் உள்ளூர்க்காரன். அவனுக்குச் சந்தேகம். "கிழவி, ஒரு ஜெபம் சொல்லு பார்ப்போம்" என்றான். ஸ்மெரால்டா அம்மாள் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, தினமும் சொல்லிச் சலித்துப்போன குடியானவச்சி மாதிரி வேகவேகமாகச் சொன்னார். பாதியிலேயே அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். எதிர் வார்டிலிருந்து இரண்டு பெண்களைக் கொண்டுபோனார்கள். அதில் ஒருத்திக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பெலாஜியா மற்றொரு செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினபோது வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து பெலாஜியா முதல் தடவை கேட்டார்.

"பெரியம்மா, நிஜமாவே ஞானஸ்நானம் வாங்கிக்கக் கூடாதா?"

"எதுக்கு?"

"மோட்சம் போகத்தான்."

"அங்க என் வீட்டுக்காரர் இருப்பாரா?"

பெலாஜியா தலையணையைத் தட்டிச் சரிசெய்தார்.

"எங்கம்மா, எங்கப்பா? பொறந்து எட்டாம் நாள் செத்துதே என் மூத்த பிள்ளை?" அந்த அம்மாள் ஊதா நிறக் கம்பளியை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவங்க யாரும் இல்லைன்னா அங்க நான் யாரோட போய்ப் பேசிக்கிட்டிருப்பேன்? வேண்டாம் பொண்ணே."

இரண்டாம் தடவை பிப்ரவரி தொடக்கத்தில். படுத்தே கிடந்ததில் நுரையீரலில் சளி கட்டிவிட்டது. இடுப்பெலும்பு உடைந்த கிழவிகள் எதில் போவார்கள் என்பது பெலாஜியாவுக்குத் தெரியும். முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே மறுபடி கேட்டார். ஸ்மெரால்டா அம்மாளுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"நீ எனக்கு உசிரைக் கொடுத்தே. அதுக்குப் பதிலா இதைக் கேக்கறியா?"

"ஐயையோ, இல்லை பெரியம்மா!"

"அப்போ கேக்காதே."

பெலாஜியா மறுபடியும் கேட்டார். பிப்ரவரி பதினாறாம் தேதி. பேச மூச்சில்லாத அந்த அம்மாள், விருந்தில் இரண்டாம் தடவை பரிமாற வருகிறவரை மறிப்பதுபோல் கையை லேசாகத் தூக்கி, "வேண்டாம்மா" என்றார். கோபமே இல்லை அதில். மறுநாள் காலையில் நினைவு தப்பிவிட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு வார்டில் எல்லோரும் படுத்திருந்தார்கள். பெலாஜியா மருந்துக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்தார். இவ்வளவு நல்ல மனுஷி முடிவில்லாத காலத்துக்கும் வெளியே நிற்கப்போகிறாளே என்ற ஒரே பயம்தான். நெற்றியில் மூன்று முறை ஊற்றி, ஞானஸ்நானத்துக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னார். ஸ்மெரால்டா அம்மாளின் நெற்றி சுருங்கியது. நான்கு மணிக்கு மூச்சு நின்றது.

அன்றைக்கு பெலாஜியாவுக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. துணி துவைக்கிற கூடத்தில் வாய்விட்டுப் பாடினார். பெரியம்மாவின் பெயரில் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் நடந்தது. போர் முடிந்ததும் அப்போதிருந்த பழைய ஆன்ம குருவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர், "பாக்கியசாலி நீ" என்று சொல்லி ஆஸ்பத்திரிக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மைப் பெயரையே எழுதினார்: ஸ்மெரால்டா பசேவி, யூதர், மரண ஆபத்தில் ஞானஸ்நானம் பெற்றார், கொடுத்தவர் சிஸ்டர் பெலாஜியா.

அந்தக் கோடையில் ஆத்திலியோ பசேவி திரும்பி வந்தான். வண்டியில் போனவர்களின் பட்டியலில் அம்மாவின் பெயரைத் தேடித் தேடி, கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்தான். அம்மா படுக்கையில், சுத்தமான விரிப்பில் செத்தாள் என்று கேட்டதும் தாழ்வாரத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து பெலாஜியாவின் வலது கையை எடுத்து முத்தம் கொடுத்தான். அம்மாவின் எலும்புகளை யூதர் கல்லறைக்கு மாற்றி, சொந்தப் பெயரில் கல் நட்டான். அதிலிருந்து வருஷம் தவறாமல் பிப்ரவரி பதினேழாம் தேதி, போரா என்கிற குளிர்காற்று ஆளைத் தள்ளினாலும், அரைக் கிலோ வறுத்த காப்பிக்கொட்டையோடு மடத்துக்கு வருவான். கால் மணி நேரம் பேசிக்கொண்டிருப்பான். போகும்போது கையை முத்தமிடுவான்.

பெலாஜியா அவனிடம் ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்ததும் இல்லை. அது அவனுக்குத் தெரியாத ஒரு நல்ல காரியம், மோட்சத்தில் தெரிந்துகொள்வான் என்று நினைத்திருந்தார்.

*

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் தூலியோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சினார்.

"மூணு தடவை வேண்டாம்னு சொன்னாங்களா?"

"ஆமா ஃபாதர்."

"புத்தி தெளிவோட?"

"ஆமா."

"அப்ப அது செல்லாது சிஸ்டர். சட்டம் நேத்து வந்ததில்ல, எப்பவும் உள்ளதுதான். வளர்ந்த ஆளு வேண்டாம்னு சொன்ன பிறகு, நினைவில்லாதப்ப தண்ணி ஊத்தினா அது வெறும் தண்ணி. பழைய சாமியாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்."

"அவர் கேக்கலை. நானும் சொல்லலை."

"சரி."

"அப்ப நான் அவங்களுக்கு ஒண்ணுமே கொடுக்கலையா?"

ஃபாதர் தூலியோ இருமினார். "உசிரைக் கொடுத்தீங்களே. ஒரு மாசம்."

"மகன் வருஷாவருஷம் வந்து கையை முத்தம் கொடுக்கறாரு."

"அவர்கிட்ட இதைச் சொல்லப் போறீங்களா? எதுக்கு சிஸ்டர்? இருபத்தோரு வருஷம் ஆச்சு. ஆறின புண்ணைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? மூணு 'அருள் நிறைந்த' சொல்லுங்க, போதும்."

பெலாஜியா மூன்றையும் சொன்னார். 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்று முடிக்கிறபோது ஒரு கொட்டாவி ஞாபகம் வந்தது. அழுகை வருமா என்று பார்த்தார். வரவில்லை. மூட்டு வலித்ததால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

*

பிப்ரவரி பதினேழாம் தேதி ஆத்திலியோ பசேவி வந்தார். ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது, தலை முழுக்க வழுக்கை. பார்வையாளர் அறையில் காப்பிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கழுத்துத் துணியை அவிழ்த்தார்.

"காத்தா இது? துறைமுகத்துப் பக்கம் ஒரு பாதிரியாரோட தொப்பி பறந்து போச்சு. மூணு பேர் துரத்தறாங்க. உங்க ஆளுதான், சிஸ்டர், நான் சிரிக்கலை."

பெலாஜியா உட்காரவில்லை. "மிஸ்டர் பசேவி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். நோயாளியின் நிலவரத்தை டாக்டரிடம் சொல்கிற அதே குரலில், தேதி மணியோடு சொன்னார். முதல் தடவை கேட்டது, அம்மா வேண்டாம் என்றது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. மறுநாள் மூன்று மணி. பதிவேடு. தாம் செய்ததில் எதையும் விடவில்லை, எதையும் கூட்டவுமில்லை.

ஆத்திலியோ கழுத்துத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"தண்ணி பட்டதும் அம்மாவுக்குத் தெரிஞ்சுதா?"

"நெத்தியைச் சுருக்கினாங்க."

"கண்ணைத் திறந்தாங்களா?"

"இல்லை."

"நெத்தியைச் சுருக்கினாங்க" என்று அவர் ஒருமுறை சொல்லிப்பார்த்தார். "அவங்களால வாய் திறக்க முடியாத வரைக்கும் காத்திருந்திருக்கீங்க."

"ஆமா."

"இருபது வருஷமா உங்க கையை முத்தம் கொடுத்துட்டிருந்தேன் சிஸ்டர். எந்தக் கையால ஊத்தினீங்க?"

பெலாஜியா வலது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அவர் கேட்டதற்குப் பதில் அதுதானே. ஆத்திலியோ அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் விட்டுட்டு ஓடினேன். நீங்க கூட இருந்தீங்க. அதனால நான் ஒண்ணும் கேக்க முடியாதுன்னு நினைச்சீங்களா?"

"அப்படியெல்லாம் நினைக்கலை. நான் செஞ்சது நல்லதுன்னுதான் நினைச்சிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப எனக்கு என்ன நினைக்கறதுன்னு தெரியலை. உள்ள ஒண்ணும் அசையமாட்டேங்குது."

ஆத்திலியோ எழுந்து போய்விட்டார். முத்தமும் இல்லை, போய்வருகிறேன் என்ற வார்த்தையும் இல்லை. காப்பிப் பொட்டலத்தைச் சமையலறைக்காரச் சிஸ்டர் வந்து எடுத்துக்கொண்டு போனாள். மணி ஐந்தரை. பெலாஜியா வார்டுக்குப் போய் ராத்திரி மாத்திரைகளைப் பிரித்துவைத்தார்.

ஒன்பது நாள் கழித்து ஆத்திலியோ திரும்பி வந்தார். மதர் கான்சில்யாவையும் ஃபாதர் தூலியோவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். பெலாஜியாவும் வந்து கதவோரம் நின்றார்.

"எங்க மதகுரு, ரபியைப் போய்க் கேட்டேன்" என்றார் ஆத்திலியோ. "அவர் சிரிக்கறாரு. 'நனைஞ்ச தலை நனைஞ்ச தலைதான், உங்கம்மா யூதச்சியாத்தான் செத்தாங்க, போய் வேலையைப் பாரு'ங்கறாரு. அவருக்கு அது போதும். எனக்குப் போதலை. உங்க புத்தகத்துல என் அம்மா பேர் இருக்கு. அதை அடிச்சு எடுங்க."

மதர் கான்சில்யா குருவைப் பார்த்தார். ஃபாதர் தூலியோ கைக்குட்டையைத் தேடினார்.

"ஐயா, பதிவேட்டுல எழுதினதை அடிக்கறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை. பக்கத்தைக் கிழிக்கறதுக்கும் இல்லை."

"பொய்யை எழுதறதுக்கு மட்டும் இருந்துதா?"

"எழுதினவர் இறந்துட்டாரு."

"எங்கம்மாவும்தான்."

மதர் கான்சில்யா மெதுவாகச் சொன்னார்: "மிஸ்டர் பசேவி, உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒண்ணு நினைச்சுப் பாருங்க. சிஸ்டர் அன்னிக்குத் தன் உசிரையும் பணயம் வெச்சுதான் அவங்களைக் காப்பாத்தினாங்க. பிடிபட்டிருந்தா இவங்களையும் சுட்டிருப்பாங்க."

"அது எனக்குத் தெரியாதா மதர்? அது தெரியாம இருந்தா எவ்வளவு சுளுவா இருக்கும். வெறுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

ஃபாதர் தூலியோதான் கடைசியில் வாயைத் திறந்தார். அடிக்க முடியாது, ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதிக்குச் சாட்சி வேண்டும். அந்த அம்மாள் மறுத்ததைக் கேட்டவர் யாராவது சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால்தான் ஆகும்.

"கேட்டவங்க யாரு?" என்றார் ஆத்திலியோ.

"நான்" என்றார் பெலாஜியா.

ஆத்திலியோ போனபிறகு மதர் கான்சில்யா கதவைச் சாத்தினார். "சிஸ்டர், இது உங்க பேர்ல எப்பவும் நிக்கும். மேலிடத்துல படிப்பாங்க. நாளைக்கு எந்தக் குருவானவர் அந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் படிப்பாரு."

"படிக்கட்டும் மதர்."

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க."

எழுத அரை மணி ஆனது. எழுதியது எட்டு வரிதான். மூன்று தேதிகள், மூன்று பதில்கள், அந்த அம்மாளின் வார்த்தைகளிலேயே. 'அங்க நான் யாரோட போய்ப் பேசிக்கிட்டிருப்பேன்' என்பதைப் பார்த்து ஃபாதர் தூலியோ, "இதெல்லாம் தேவையா?" என்றார். தேவை என்றார் பெலாஜியா. மேலிடத்திலிருந்து பதில் வர ஏப்ரல் ஆகிவிட்டது. இடையில் பெரிய வெள்ளி வந்தது. யூதர்களுக்கான மன்றாட்டில் மற்றக் கன்னியர்களோடு அவரும் மண்டியிட்டார். விசுவாசமற்ற என்ற சொல்லை எடுத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மண்டியிடுகிற வழக்கம் அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் செய்ததைத்தான் அந்த வருஷமும் செய்தார். எழுந்திருக்க மட்டும் இளம் சிஸ்டர் ஒருத்தி கைகொடுத்தாள்.

ஓரத்தில் ஃபாதர் தூலியோ பொடி எழுத்தில் எழுதினார்: மேற்படியார் தெளிந்த நினைவோடு மூன்று முறை மறுத்தது சாட்சியால் தெரியவந்ததால் இந்த ஞானஸ்நானம் செல்லாது, நடந்ததாகக் கொள்ளக் கூடாது. அதன் கீழ் முத்திரை. அதற்கு ஒரு நகல்.

*

நகலை மடத்துக் கடைநிலை ஊழியரிடம் கொடுத்தனுப்பலாம் என்றார் மதர். பெலாஜியா தாமே டிராமில் ஏறிப் போனார். கண்ணாடிக் கடையில் ஒரு பெண்மணி சட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வெச்சா வாத்தியாரம்மா மாதிரி இருக்கு, அது வெச்சா எங்க மாமியார் மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொண்டிருந்தாள். பெலாஜியா கதவருகே காத்திருந்தார். அவள் மாமியார் மாதிரி இருந்ததையே எடுத்துக்கொண்டு போனாள்.

ஆத்திலியோ காகிதத்தை வாங்கினார். பட்டறை விளக்கின் கீழ் வைத்து இரண்டு தடவை படித்தார். சாட்சியின் நகலும் கூட இருந்தது. அதைப் படிக்கும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"பொறந்து எட்டாம் நாள் செத்த பிள்ளையா? எனக்கு முன்னாடி ஒரு பிள்ளை இருந்ததா?"

"இருந்ததுன்னு சொன்னாங்க."

"என்கிட்ட சொன்னதே இல்லை."

அவர் காகிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார். கொஞ்ச நேரம் இழுப்பறையின் பிடியிலேயே கை இருந்தது.

"சிஸ்டர், இனிமே பதினேழாம் தேதி நான் வரமாட்டேன். வர முடியும்னு தோணலை. நீங்க கெட்டவங்கன்னு சொல்லலை."

"சரிங்க."

"வீட்டுல எல்லாரும் கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு பார்ப்போம்."

"உள்ளதைச் சொல்லுங்க" என்றார் பெலாஜியா. பிறகு, தாம் யாருக்கு அதைச் சொல்கிறோம் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். முதல் வண்டி வந்தது, போனது. இரண்டாவதும் போனது. ஏற வேண்டும் என்று தெரிந்துதான் இருந்தது. பக்கத்தில் மீன் பையோடு நின்ற ஒரு மாது, "சிஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மூன்றாவது வண்டியில் அவள்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

அடுத்த பிப்ரவரியில் ஆத்திலியோ வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. பெலாஜியாவுக்கு முழங்கால் மோசமாகி, 1968இல் வார்டை இளைய சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, கொரித்ஸியாவில் வயதான கன்னியர்கள் தங்குகிற வீட்டுக்குப் போனார். அங்கே செய்ய அதிகம் வேலை இல்லை. பட்டாணி உரித்தார். மற்றவர்களின் காலுறைகளைத் தைத்துக்கொடுத்தார். ஸ்மெரால்டா அம்மாளுக்காக ஜெபிக்க வேண்டுமா, கூடாதா என்று அவருக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அதனால் சில நாள் ஜெபித்தார், சில நாள் பெயரை மட்டும் மனதுக்குள் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

1969 அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. உறையில் கண்ணாடிக் கடையின் முகவரி. ஆரம்பத்தில் நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

'என் மகள் லீவியா தன் பாட்டியைப் பற்றிக் கேட்கிறாள். கடைசி மூன்று நான்கு மாதம் அம்மா என்ன பேசினார், எதற்குச் சிரித்தார், யாரைத் திட்டினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் உயிரோடு நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் பாதகமில்லை. ஆ. பசேவி.'

பெலாஜியா அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். மறுநாள் காலை உணவு முடிந்ததும், தாள் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று வெகுநேரம் பிடிபடவில்லை. தோட்டத்தில் யாரோ இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுதினார்:

'உங்கள் அம்மாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரி சூப் பிடிக்கவே இல்லை. வந்த இரண்டாம் நாளே சமையல்காரியைக் கூப்பிடச் சொல்லி, இதில் அவரைக்காய் நீந்துகிறதா மூழ்கிச் செத்துவிட்டதா என்று கேட்டார்.'

மத்தியான மணி அடித்தபோது நான்கு பக்கம் ஆகியிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். பதினோரு பக்கம் எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.